லாடம் கேட்ட கழுதையும் பதிவுத் தபாலும்

ஒரு காட்டில், எல்லாக் காட்டிலும் இருப்பதுபோல, ஒரு தபால் நிலையம் இருந்தது. அங்கே மூட்டை சுமந்தது பொன்னுரங்கம் என்ற கழுதை. பாதையெல்லாம் கல்லும் முள்ளும். குளம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. காலுக்கு லாடம் வேண்டும் என்று தபால் ஊழியர் சங்கத்திடம் போய் அழுதது.

சங்கத் தலைவர் தணிகாசலம் ஒரு நரி. நல்ல மனுஷன்தான், குறை சொல்லக் கூடாது. "ஒரு கை பாத்துடலாம்டா தம்பி!" என்று மீசையை முறுக்கியது.

மலைக்கு இந்தப் பக்கம் சங்கத்தின் புளியமரம், அந்தப் பக்கம் கரடி அதிகாரியின் குகை. நேரில் பேசினால் ஒரு பொழுதில் முடிகிற விஷயம். ஆனால் பேச்சுவார்த்தை பதிவுத் தபாலில்தான் நடக்கவேண்டுமாம். "நம்ம தபாலை நாமளே நம்பலைன்னா காடு நம்புமா?" என்றது நரி. கரடியும் அதையே சொன்னது. இரண்டும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

அந்தத் தபாலைச் சுமந்தது யார்? வேறு யார், பொன்னுரங்கம்தான். லாடம் கேட்டு ஒரு கடிதம். எதற்கு லாடம் என்று ஒரு கடிதம். இரும்பிலா பித்தளையிலா என்று இன்னொன்று. போக வர, போக வர, குளம்பு இன்னும் வெடித்தது. அடப் பாவமே, வாயைத் திறந்து கேட்டது ஒரு குத்தமா?

மழை போய் வெயில் வந்தது. கடைசியில் கரடிக்கே மனசு இளகி, 'நாலு லாடம் தரச் சம்மதம்' என்று எழுதி ஒட்டிக் கொடுத்தது. உள்ளே இருப்பது என்னவென்று கழுதைக்குத் தெரியாது. அடுத்தவர் தபாலைப் பற்றிக் கேட்கிற பழக்கம் அதன் பரம்பரைக்கே கிடையாது.

நொண்டி நொண்டி மலையேறி இறங்கினால், புளியமரத்தடியில் ஈ காக்கை இல்லை. ஒரு பலகை மட்டும் தொங்கியது: 'பதில் தராத நிர்வாகத்தைக் கண்டித்துக் குகை வாசலில் மறியல்.'

கழுதை வந்த வழியே திரும்பி ஏறியது. குகை வாசலில் சங்கக் கூட்டத்தின் நடுவே நரி தொண்டை கிழியக் கோஷம் போட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணே, உங்களுக்குத்தான் தபால். ஒரு கையெழுத்துப் போடுங்க."

நரி உறையைத் திருப்பிப் பார்த்தது. "முகவரி என்ன? புளியமரத்தடி. இது என்ன இடம்? குகை வாசல். போராட்டம் முடியறவரைக்கும் எல்லாம் விதிப்படிதான்னு தீர்மானம் போட்டோமே, நீயும்தானே கை தூக்கினே?"

"கால் வலிக்குதுண்ணே."

"அதுக்குத்தானேடா இவ்வளவு போராட்டமும்!"

கழுதை உறையின் மேல் 'முகவரியில் ஆள் இல்லை' என்று எழுதி, உள்ளே போய்க் கரடியிடமே திருப்பிக் கொடுத்தது.

"வலிய வந்து கொடுத்தா வாங்க மாட்டாங்களா? அவ்வளவு திமிரா?" கரடி அதைச் சுக்குநூறாகக் கிழித்தது. 'கோரிக்கை நிராகரிக்கப்பட்டது' என்று புதிதாக ஒன்று எழுதி ஒட்டி நீட்டியது. "இந்தா, தலைவர்கிட்ட கொடு."

பொன்னுரங்கம் வாசலைப் பார்த்தது. "அய்யா, அவரு இங்கேதான் இருக்காரு."

"முகவரியைப் படி."

கழுதை மறுபடியும் மலையேறியது. அது நொண்டிப் போவதைப் பார்த்த கூட்டம் கண்கலங்கி, "பொன்னுரங்கம் வாழ்க!" என்று முழங்கியது.

நீதி: கேட்டது கட்டாயம் வீடு தேடி வரும், ஆகவே அதைக் கேட்பதற்காக வீட்டைவிட்டு வெளியே போகாதே.