மிச்சம் வந்த ஒரு போல்ட்டு

எனக்கு எதையும் எண்ணும் வியாதி உண்டு. வீட்டு மாடிப்படி பதினேழு. போன வாரம் டாக்டர் என் முழங்காலைப் பார்த்த நேரத்தில் அவர் கொட்டாவி விட்டது நான்கு முறை. இப்படி எண்பது வருஷமாக எண்ணிக்கொண்டிருக்கிறவன், ஒரே ஒரு தடவை, மிகச் சரியாக எண்ணிவிட்டு அதற்குத் தவறான அர்த்தம் கற்பித்துக்கொண்டேன். அந்தக் கதையை இன்னும் இந்த வீட்டில் சொல்லி முடித்தபாடில்லை.

பேரன் புது மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கிறான். ஒரு பொத்தானை அமுக்கினால் புறப்பட்டுவிடுகிறது. அதைக் காட்டிவிட்டு, "என்ன இருந்தாலும் தாத்தா, உங்க காலத்து வண்டிதான் வண்டி" என்றான். இப்படிச் சொன்னவர்களில் இவன் பதினோராவது ஆள். அந்தக் காலத்து வண்டியை ஒருமுறையாவது உதைத்துப் பார்த்தவன் யாரும் இப்படிச் சொன்னதில்லை. என் வண்டி ஆறியிருந்தால் இருபத்தேழு உதைக்குப் புறப்படும். சூடாக இருந்தால் உதைகளை எண்ணிப் பயனில்லை, முக்கால் மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து அது ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். (வருஷா வருஷம் மழைக்காலத்தில் வலது முழங்காலில் எனக்கு வருகிற வலிக்கு அந்த வண்டிதான் தாயும் தகப்பனும்.)

மகாராஜா காலம் அது. நான் மராமத்து இலாகாவில் குமாஸ்தா. பொன்முடி ரோட்டில் கலுங்குகளை, அதாவது ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகிற சின்னப் பாலங்களை, எண்ணி எழுதுவது என் வேலை. அந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் மானேஜராக இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குக் கப்பலேறும்போது அந்த வண்டியை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். பக்கத்தில் சைடுகார் உண்டு. ஒற்றைச் சக்கரம் வைத்த குளியல் தொட்டியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள், அதுதான். வண்டி ஓடும்போது பதினாறு விதமான சத்தம் கேட்கும். நான் பதினாறையும் தனித்தனியாக அடையாளம் சொல்வேன்.

அப்போது எனக்கு, தலைநகரத்துச் சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருந்த ஒரு பிள்ளைவாளின் மகள் பகவதியைப் பேசியிருந்தார்கள். நாஞ்சில் நாட்டுக் குடும்பம். ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை நிச்சய தாம்பூலம், பத்தரைக்கு ராகு காலம் தொடங்குவதற்குள் தட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். அதைத் தவறவிட்டால் கர்க்கடகம், அதாவது ஆடி, பிறந்துவிடும், ஒரு மாதத்துக்கு நல்ல காரியம் பேச முடியாது. அந்த ஒரு மாதத்துக்காகவே வடசேரியில் ஒரு வாத்தியார் மாப்பிள்ளை காத்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சொந்தத் தோப்பு உண்டு என்று கேள்வி. எனக்கு இருந்தது மோட்டார் சைக்கிள்.

வண்டியைப் பளிச்சென்று வைக்க வேண்டாமா? முந்திய ஞாயிற்றுக்கிழமை சைடுகாரைக் கழற்றித் துடைத்தேன். கழற்றிய உருப்படிகள் அறுபத்துமூன்று. தாம்பாளத்தில் வரிசையாக வைத்து எண்ணினேன், இரண்டு தடவை. திரும்ப மாட்டி முடித்தபோது தாம்பாளத்தில் ஒரு போல்ட்டு மிச்சம் இருந்தது. கட்டைவிரல் தடிமன். வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பான். நான் யோசித்தேன். வெள்ளைக்காரன் முன்யோசனை உள்ளவன், அவசரத்துக்கு ஆகட்டும் என்று ஒன்று கூடுதலாக வைத்திருக்கிறான் என்று முடிவு செய்து, அவனை மெச்சியபடி அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். குறைந்திருந்தால் அல்லவா கவலைப்பட வேண்டும்!

வியாழக்கிழமை சாயங்காலம் மலையடிவாரத்து விதுராவிலிருந்து சேதி வந்தது. ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டதாம். அங்கே மிளகு, ஏலம் என்று மலஞ்சரக்கு வியாபாரம் செய்துகொண்டிருந்தவர் பகவதியின் தாய்மாமன், தாணு மாமா. அவர் கையால் தாம்பூலம் எடுத்துக் கொடுக்காமல் அந்தக் குடும்பத்தில் நிச்சயம் கிடையாது. எல்லாரும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. (இதை அழுத்திச் சொல்கிறேன். யாரும் கேட்கவில்லை.)

"நான் போய்க் கூட்டிட்டு வாறேன்" என்றேன்.

மறுநாள் காலை, சரிந்த மண்ணின் ஓரமாக ஆறு ஆட்கள் தள்ளிவிட, விதுரா போய்ச் சேர்ந்தேன். தாணு மாமா வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைடுகாரைச் சுற்றி வந்தார். நல்ல கனமான மனிதர்.

"மாப்ளே, இது ஆளு இருக்கதுக்கா, இல்ல நெல்லு அவிக்கதுக்கா?"

"இருக்கதுக்குத்தான் மாமா. ஒண்ணு மட்டும். வழியில எங்கயும் நிறுத்தச் சொல்லப்பிடாது. நிறுத்துனா பின்ன இது கிளம்பாது. முகூர்த்தம் போயிரும்."

"எங்கயும்னா?"

"எங்கயும்."

"பழவங்காடிப் பிள்ளையார்கிட்டயுமா?"

நான் ஆறிப்போயிருந்த வண்டியை உதைக்க ஆரம்பித்தேன். சரிந்த மண் ஓரத்தில் அதே ஆறு ஆட்கள் மறுபடியும் தள்ளிவிட்டார்கள். நெடுமங்காடு கடந்ததும் மாமா தொண்டையைத் திறந்து கத்த ஆரம்பித்தார்.

"கேட்டியளா மாப்ளே! அவரைத் தொழாம நான் இன்னைக்கு வரைக்கும் சாலைக்குள்ள கால் வச்சதில்ல! அதுவும் நம்ம பிள்ளை நிச்சயத்துக்குப் போகும்போ!"

"நிறுத்த முடியாது மாமா!"

"நிறுத்தாண்டாம்! கொஞ்சம் மெதுவாப் போனா மதி, அது போதும்! நான் வண்டியிலயே பன்னெண்டு தோப்புக்கரணம் போட்டுக்கிடுகேன்!"

இதில் என்ன தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. பிள்ளையாருக்கும் மரியாதை, இயந்திரமும் நிற்காது. ஏதோ பெரிய ராஜதந்திரம் செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

பழவங்காடியில் திரும்பியபோது கோயில் மணிக்கூண்டோ கடைக் கடிகாரமோ ஏதோ ஒன்று பத்தேகால் காட்டியது. நடை வேகத்துக்குக் குறைத்தேன். சிதறுகாய் உடைக்கிற கூட்டம் விலகி வழிவிட்டது. தாணு மாமா சைடுகாரில் எழுந்து நின்றார். நெற்றியில் குட்டிக்கொண்டார். கைகளை மாற்றிக் காதுகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்தார். நான் எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் வண்டி ஒரு தரம் முனகியது. நான்கு. ஐந்தாவதில் 'டங்' என்று ஒரு சத்தம். பதினாறுக்குள் சேராத, பதினேழாவது சத்தம்.

அதே நொடியில் வண்டி ஒரு துள்ளுத் துள்ளிப் பறக்க ஆரம்பித்தது. பக்கவாட்டில் இழுக்கிற அதன் பழைய குணம் போய்விட்டது. இறகு மாதிரி ஓடியது. 'பார்த்தாயா, பிள்ளையார் அருள்!' என்று உடம்பு சிலிர்த்தது. பின்னால் கூட்டம் கையை வீசி என்னவோ கத்தியது. எனக்கு வண்டிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, மாப்பிள்ளையை வாழ்த்துகிறார்கள் என்று நானும் ஒரு கையை வீசினேன்.

சாலைக்குள் போகும் வழியெல்லாம் மாமாவோடு பேசிக்கொண்டே போனேன். என் உத்தியோகம், பிரமோஷன், பெண்ணைக் கண்கலங்காமல் வைத்துக்கொள்ளும் உத்தேசம். அவர் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

பெண் வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். நான் ஒரு சுற்று சுற்றி, ஜம்மென்று நிறுத்தினேன்.

"எங்கண்ணன் எங்கே?" என்றார் பகவதியின் அம்மா.

"இன்னா இருக்காரே" என்று இடது பக்கம் கையை நீட்டினேன். என் கை காற்றில் நின்றது. அங்கே மாமா இல்லை. சைடுகாரும் இல்லை. இருபத்திரண்டு ஜோடிக் கண்கள் என் கையின் நுனியைப் பார்த்தன. உள்ளே ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்டது. என் மனைவியின் குரலை முதல்முதலாக நான் கேட்டது அப்படித்தான்.

"ஓய், ஆளைக் கூட்டிட்டு வாறேன்னுட்டு ஆளைத் தொலைச்சிட்டா வந்து நிக்கேரு?" என்றார் பெண்ணின் அப்பா. மணி பத்து இருபது.

திரும்பி ஓடலாம் என்று உதைத்தேன். சூடான வண்டி. பதினான்காவது உதையில் தெருமுனையில் ஆரவாரம் கேட்டது. மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்கள் நான்கு பேர் சைடுகாரைத் தோளில் தூக்கிக்கொண்டு, "வழி மாறிக்கோ! விலகிக்கோ!" என்று கூவியபடி வந்தார்கள். உள்ளே தாணு மாமா, தலையில் தேங்காய் நார், மடியில் யாரோ கொடுத்த அருகம்புல் மாலை, உற்சவ மூர்த்தி மாதிரி உட்கார்ந்திருந்தார். கழன்ற சைடுகார் நேராகப் போய் கோயில் முன்னால் இருந்த தேங்காய் நார்க் குவியலில் மெத்தென்று செருகிக்கொண்டதாம்.

இறக்கி வைத்ததும் பெண்ணின் அப்பா அவசரப்படுத்தினார். "அத்தான், ஆறு நிமிஷந்தான் உண்டு. தாம்பூலத்தை எடுங்க!"

"இரும். பன்னெண்டுல அஞ்சுதான் ஆச்சு. ஏழு பாக்கி."

முற்றத்தில் நின்று, கிழக்கே பார்த்து, ஏழையும் நிதானமாகப் போட்டார். என் ஆயுளில் நான் எண்ணியவற்றுள் அவ்வளவு மெதுவாக நகர்ந்த எண் அந்த ஏழுதான். நெற்றி வியர்வையைத் துடைக்கக் கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை இழுத்தேன். கூடவே அந்தப் போல்ட்டு வந்து கல்தரையில் விழுந்து, உருண்டு, மாமாவின் காலடியில் நின்றது.

அவர் எடுத்துப் பார்த்தார். சைடுகாரில் காலியாக இருந்த ஓட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது என்னது மாப்ளே?"

"மிச்சம் வந்தது, மாமா."

வடசேரி வாத்தியார் தன் தோப்பில் உலாவுவது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மாமா போல்ட்டை வேஷ்டி மடியில் செருகிக்கொண்டார்.

"பிள்ளையார் என்னைத் தன் வாசல்லயே இறக்கிவிட்டாரு. இவரை நேரா இங்க அனுப்பியிருக்காரு. அவரே இவ்வளவு செஞ்ச பின்ன நான் என்ன சொல்லுகதுக்கு? தாம்பூலத்தை எடுங்க." வெற்றிலைத் தட்டைக் கையில் வாங்கியவர் ஒரு நொடி நிறுத்தினார். "ஆனா எம் மருமக அந்த வண்டியில ஏறப்பிடாது. கேட்டியளா?"

பத்து இருபத்தொன்பதுக்குத் தட்டு மாறியது.

கல்யாணத்தன்று தாய்மாமன் சீரில் பட்டுக்கும் பழத்துக்கும் நடுவே, மஞ்சள் தடவி, அந்தப் போல்ட்டு இருந்தது. வண்டி போய்விட்டது. போல்ட்டு பகவதியின் குங்குமச் செப்புக்குப் பக்கத்தில் ஐம்பத்தோரு வருஷம் இருந்தது. அவள் போய் நாலு வருஷமாகிறது. போல்ட்டு அதே இடத்தில்தான் இருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் சைக்கிளோ, ஸ்கூட்டரோ, எதுவானாலும் பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு போகிறவர் வழியில் ஒருதரம், "மாமா உண்டா?" என்று கேட்க வேண்டும். பின்னால் இருக்கிறவர் "உண்டு" என்று சொல்ல வேண்டும். பகவதி ஏற்படுத்திய சட்டம் இது. மதுரையிலிருந்து வந்த பேரன் மனைவி கூட இரண்டே நாளில் பழகிக்கொண்டாள்.

இப்போதெல்லாம் டாக்டரிடம் போக நான்தான் பின்னால் உட்காருகிறேன். கால் மைலுக்கு ஒருதரம், ஓட்டுகிற பேரன் திரும்பிப் பார்க்காமல் கேட்கிறான்: "மாமா உண்டா?" போன தடவை போக வர ஒன்பது முறை கேட்டான். வரவர அடிக்கடி கேட்கிறான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்பதுக்கும் நான் "உண்டு" என்றுதான் சொன்னேன்.