அசரியா வீட்டு நாய்

கம்பெனியில் ஓவர்டைமை நிறுத்திய அன்றைக்கே அசரியா சபதம் போட்டுவிட்டார். இனிமேல் வீட்டில் கறி கிடையாது. எலும்புதான்!

"சத்தெல்லாம் எலும்புலதான் இருக்கு ஏஞ்சல். கறி சும்மா பல் இடுக்குல மாட்டிக்கும்" என்று மனைவிக்குப் பிரசங்கம் வேறு. சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து பேக்கரியில் அவர் தின்கிற முட்டை பப்ஸ் மட்டும் இந்தச் சிக்கனத்தில் சேராது. அது உழைக்கிற உடம்புக்காம்!

சபதம் போடுவது சுலபம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால் சபையில் பாதி, இஸ்திரி போட்ட சட்டை கசங்காமல் சிட்லபாக்கம் சுப்பராயலு கறிக்கடையில்தான் வரிசை கட்டி நிற்கும். அசரியாவுக்கு முன்னால் ஒருத்தர் ஒரு கிலோ வாங்கினார். பின்னால் நின்ற பக்கத்து வீட்டு ஜீவானந்தம் ஈரல் இருக்கா என்று எட்டிப் பார்த்தார். நடுவில் நின்று "எலும்பு மட்டும் போதும்" என்று சொல்ல மனுஷனுக்கு நாக்கு எழவில்லை.

"இன்னா சார், எவ்ளோ போட?"

"கறி வேணாம்பா. எலும்பு இருந்தா குடு. நாய்க்கு."

"நாய்க்கா? அதுக்குப் போயி காசு வாங்குவாங்களா? எட்த்துகினு போ சார்!"

பை நிறைய ஓசி. அசரியாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"நாய் வளக்கிறீங்களா சார்?" ஜீவானந்தம் கேட்டார். "குலைச்சுக் கேட்டதே இல்லையே?"

"ரொம்ப சாதுங்க. வீட்டை விட்டு வெளிய வராது."

வீட்டில் வேறு கதை. "நமக்குன்னே ஸ்பெஷலா எடுத்து வெக்கிறான் ஏஞ்சல்." அவள் நம்பினாள். ஞாயிறு குழம்பு. திங்கள் மிளகு தட்டிப் போட்டு சூப். செவ்வாய் அதே எலும்பு முருங்கைக்காயோடு சாம்பாரில். புதன்கிழமை அது ரசத்தில் குளித்துவிட்டுக் கரையேறியது, அவ்வளவுதான்.

எலும்பில் ஒட்டியிருந்த கொஞ்சநஞ்சம் கறியையும் ஏஞ்சல் வழித்து அவர் தட்டில் வைப்பாள். மிச்சத்தை அவள் கடிப்பாள். ஒருநாள் கடைவாய்ப் பல் பாதி தெறித்தது.

"டாக்டர் கிட்ட போலாமா?"

"வேணாங்க, இருக்கிற செலவு போதாதா?" என்று உப்புத் தண்ணியில் கொப்பளித்தாள்.

அசரியாவுக்குச் சுருக்கென்றது. பேக்கரி வாசல் வரைக்கும் சுருக்கென்றே இருந்தது.

அப்புறம் அவருக்குக் காய்ச்சல் வந்து, ஒரு ஞாயிறு ஏஞ்சலே கடைக்குப் போனாள். திரும்பி வந்தவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கஞ்சி கொடுத்தாள், நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். எலும்பு எங்கே என்றதற்கு, "தீர்ந்துபோச்சாம்" என்றாள்.

அடுத்த ஞாயிறு அசரியா கடைக்குப் போனதும் சுப்பராயலு கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

"பேஜாரா கீது சார். இப்டி பூட்டுச்சே!"

"எது?"

"மனசைத் தேத்திக்குங்க சார்" என்று தோளைப் பிடித்தார் ஜீவானந்தம். "லாரிக்காரன் பாத்து ஓட்டக் கூடாதா? நாய்க்கு எலும்பான்னு கடைக்காரர் கேட்டதும் உங்க வீட்டம்மா இங்க நின்னு அழுத அழுகை இருக்கே! எங்களுக்கே தாங்கல."

அது நடிப்பு என்று அவரால் சொல்ல முடியுமா? வரிசை மொத்தமும் தலை குனிந்து நின்றது. அவரும் குனிந்துகொண்டார்.

"எலும்பைப் பாத்தாலே அது ஞாபகம் வருதாம் சார். இனிமே எலும்பே இல்லாம தனிக்கறியா ஒரு கிலோ, வாரா வாரம் போடச் சொல்லிச்சு அக்கா. நீ காசு குடுப்பேன்னுச்சு."

இத்தனை பேர் முன்னால் செத்த நாய்க்கு உயிர் கொடுக்க முடியாது. பர்ஸைத்தான் திறக்க முடியும். திறந்தார்.

வீட்டில் கறி வேகிற வாசம் தெரு வரைக்கும் வந்தது. தட்டுக்கு முன்னால் அசரியா உட்கார்ந்தார். ஏஞ்சல்தான் ஆரம்பித்தாள்.

"நாய்க்குப் பேர் என்னன்னு கடைக்காரர் கேட்டாருங்க."

அசரியா தண்ணி டம்ளரை எடுத்தார்.

"ஏஞ்சல்னு சொன்னேன். தினம் எலும்பு தின்னது அதானே?"

ஏஞ்சல் தன் தட்டில் கறியை அள்ளிப் போட்டுக்கொண்டு, உடைந்த பல் படாத பக்கமாக நிதானமாக மென்றாள். அசரியா மெதுவாகக் கரண்டிக்குக் கை நீட்டினார். அவள் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ரசத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

"ஆசையா வளத்த நாய் செத்து ஒரு வாரம்தான் ஆவுது. அதுக்குள்ள உங்களுக்குக் கறி எறங்குமா?"