ஆறு பேர் லிஃப்டில் தொண்ணூறாயிரம் பேர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் இணைய இதழும் நலம் என்பது நன்றாகவே தெரிகிறது. நலமில்லாதது என் இணையதளம்தான்.

நான் ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் ஏன் நடுவில் நிற்கிறது, கதவு ஏன் முரண்டு பிடிக்கிறது என்று தினமும் ஒரு பத்தி எழுதி, ஃபிரிட்ஜ் பக்கத்தில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரிலேயே தளத்தை ஓடவிட்டு உலகத்துக்குக் காட்டி வருகிறேன். உலகம் என்றால் ஒரே ஆள். என் தம்பி. அவன் புது வீட்டு மாடிப்படி கோணல் என்று நான் வாய் தவறிச் சொன்னதிலிருந்து மூன்று வருடமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் "அண்ணன் எழுதுனதப் படிச்சிட்டுத்தான் இவரு பல்லே தேய்க்கிறாரு" என்று அவன் மனைவி என் மனைவியிடம் ரகசியமாகச் சொல்லியிருக்கிறாள். தளத்தின் அடியில் 'நேற்று வந்தவர்கள்: 1' என்று இருக்கும். அந்த ஒன்றைப் பார்த்துவிட்டால் எனக்கு அன்றைய பொழுது ஓடிவிடும்.

போன திங்கட்கிழமை தாங்கள் 'படித்தே ஆக வேண்டியவை' என்று போட்டு என் தளத்துக்கு இணைப்புக் கொடுத்தீர்கள். யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்? ஆறு பேர் ஏறும் லிஃப்டில் தொண்ணூறாயிரம் பேரை ஏற்றினால் என்ன ஆகும்? கம்ப்யூட்டர் அலறியது, மனைவி விசிறியோடு அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள், வீட்டு இன்டர்நெட் மொத்தமும் படுத்துவிட்டது, ஆபீஸ் மீட்டிங்கில் இருந்த மகள் அறையை விட்டு வெளியே வந்து "அப்பா, இந்த வீட்டுல ஒண்ணு உங்க லிஃப்ட் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள், நாலு நாளாக யார் திறந்தாலும் வெள்ளைப் பக்கம்தான். அதெல்லாம் போகட்டும் சார். அந்தத் தொண்ணூறாயிரத்தில் என் தம்பி எந்த ஒன்று? வந்தானா, வந்து பார்த்துவிட்டு இனி வேண்டாம் என்று போய்விட்டானா? உடனே இணைப்பை எடுத்துவிடவும்.

தங்கள் இதழ் பல்லாண்டு வாழ்க. கொஞ்சம் தள்ளி நின்று வாழ்க.

இப்படிக்கு,
அந்த ஒருவனின் அண்ணன்

பின்குறிப்பு: இதை உறையில் போடும்போது போன் அடித்தது. தம்பி! "என்னண்ணே, நாலு நாளா வெறும் வெள்ளையா இருக்கு? உனக்கு உடம்புக்கு ஏதும் ஆயிடுச்சோன்னு பயந்துட்டேன்" என்று அழுகிறான். நானும் அழுதேன். ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறானாம். மகளோ அதற்குள் தளத்தைச் சரிசெய்துவிடுவேன் என்று மிரட்டுகிறாள். சரியாகிவிட்டால் அவன் பாட்டுக்கு அங்கேயே படித்துவிட்டுப் பல் தேய்க்கப் போய்விடுவான். ஆகவே, இணைப்பை எடுக்க வேண்டாம். முடிந்தால் ஞாயிறு வரை முதல் பக்கத்தில் பெரிதாகப் போடவும்.