அடுப்பை அணைத்த வலைத்தளம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததைப் பெரிய சாதனையாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிறார்கள். அதைவிடப் பெரிய சாதனை ஒன்று 2004ஆம் ஆண்டு புரட்டாசியில், கொடைக்கானல் மேல்மலையில், போளூரில் நிகழ்ந்தது. அங்கே நெருப்பை அணைத்தார்கள். அணைத்தவர் குழந்தைவேல் என்னும் பூண்டு விவசாயி. அணைக்க வைத்தது 'மேல்மலைப் பூண்டு விவசாயிகள் எழுச்சிச் சங்கம்'. காரணம், அதுவரை வெளிவந்திராத ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம்.

புரோகிராமின் பெயர் 'மனை மந்திரம்'. கொடைக்கானல் டவுனில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் ஜெயச்சந்திரன் ஒருநாள் ஜீப்பில் வந்து இறங்கி, அதைப் பற்றிய பளபளப்பான தாளை ஊருக்குக் காட்டினார். கம்ப்யூட்டர் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள்கூட வீட்டில் உட்கார்ந்தபடி ஒரே மணி நேரத்தில் தங்கள் வலைத்தளத்தைத் தாங்களே கட்டிக்கொள்ளலாமாம். அடுத்த மாதம் வந்துவிடுமாம். தாளில் ஒரு குடும்பமே கம்ப்யூட்டரைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் யாருக்கும் வேறு சோலி இருப்பதாகத் தெரியவில்லை.

சங்கத் தலைவர் சிவராமன் தொலைநோக்கு உடையவர். லண்டனிலும் துபாயிலும் சாம்பார் தாளிக்கும் ஒவ்வொரு வீடும் இனி போளூர்ப் பூண்டை நேரே வாங்கும் என்பதை அவர் அந்தத் தாளைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொண்டார். அன்றே கூட்டம் கூடியது. வலைத்தளம் எழும்பும்வரை உறுப்பினர் யாரும் வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு ஏற்றக்கூடாது, அதன்பின் விற்பனை எல்லாம் வலைத்தளம் வழியாக மட்டுமே என்று தீர்மானம் நிறைவேறியது. எல்லோரும் கை தூக்கினார்கள். குழந்தைவேல் இரண்டு கையையும் தூக்கினார்.

அதுவரைக்கும் ஒவ்வொருவராகக் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளலாமே, கட்டணத்தில் சலுகை தருகிறேன் என்று ஜெயச்சந்திரன் கேட்டுப்பார்த்தார். தலைவர் அந்தச் சூழ்ச்சிக்கு இடம்கொடுக்கவில்லை.

"தெரியாதவுகளுக்குன்னே செஞ்ச சாமான்னு நீங்கதான சொன்னீக. நாங்க பாட்டுக்கு எதையாச்சும் கத்துக்கிட்டு, அப்புறம் அது எங்களுக்குத் தோதுப்படாமப் போயிருச்சுன்னா?"

கூட்டம் இதை ஆமோதித்தது. அறியாமையைக் கட்டிக்காப்பது என்று உறுப்பினர்கள் உறுதி பூண்டார்கள். அந்த உறுதியை மட்டும் கடைசிவரை யாரும் மீறவில்லை.

சங்கத்துக்கென்று ஒரு கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. அதை வைக்க இடம் வேண்டும். ஊரில் காங்கிரீட் கூரையும் டெலிபோனும் சேர்ந்து அமைந்த வீடு இரண்டே இரண்டுதான். ஒன்று தலைவர் வீடு, மற்றது குழந்தைவேல் வீடு. தலைவர் பெருந்தன்மையாக விலகிக்கொண்டு, குழந்தைவேலைக் 'கணினிக் காப்பாளர்' என்று அறிவித்துத் துண்டு போர்த்தினார். குழந்தைவேலை அதுவரை கோயில் கமிட்டியில்கூட யாரும் சேர்த்ததில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்தும் அந்தத் துண்டை எடுக்க மனமில்லாமல் அப்படியே சாப்பிட உட்கார்ந்தார்.

கம்ப்யூட்டரை முன்னறையில் பொருத்திவிட்டு ஜெயச்சந்திரன் மூக்கை உறிஞ்சினார். பின்னாலிருந்த அடுப்படியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

"ஸார், ஸ்மோக் மட்டும் ஆகவே ஆகாது. மதர்போர்டு போயிரும். அப்புறம் வாரண்டி கேக்கக்கூடாது."

இங்கே பூண்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மேல்மலையில் பூண்டைக் காய்ந்த தண்டோடு கட்டுக்கட்டாகக் கட்டி, அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிடுவார்கள். காலையும் மாலையும் எரிகிற அடுப்பின் புகைதான் அதற்கு மருந்து, காவல் எல்லாம். புகை ஏறிய பூண்டு மாதக்கணக்கில் கெடாது. அதில் பாதி சந்தைக்குப் போகும், மீதி அடுத்த விதைப்புக்கு நிற்கும். புகை நின்றால் மலையின் ஈரத்துக்கு நாலு வாரம் தாங்காது, முளைவிட்டு அழுகத் தொடங்கிவிடும். இது மேல்மலையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் கம்ப்யூட்டருக்குப் புகை ஆகாது என்பது புதிய சங்கதி. புதிய சங்கதி வந்த பிறகும் பழைய சங்கதியைப் பிடித்துக்கொண்டிருப்பது முன்னேற்றத்துக்கு அழகா?

குழந்தைவேலின் மனைவி அழகம்மாள் முன்னேற்றத்துக்குத் தடையாக நின்றாள்.

"ஏங்க, வருசப்பாடு மொத்தமும் பரண்லதான் கெடக்கு. வெதைக்கும் அதுதான். அடுப்ப அணைச்சா என்னத்த வெதைப்பீக?"

அடுத்த மாதமே வலைத்தளம் வந்துவிடும், பூண்டு முழுக்கக் கப்பலேறிவிடும் என்று குழந்தைவேல் விளக்கினார். அழகம்மாள் வேறு யார் வீட்டுப் பரணிலாவது பூண்டைப் போடலாம் என்றாள். யாரும் விற்காததால் எல்லார் வீட்டுப் பரணும் நிறைந்து கிடந்தது. கடைசியில் அவள் கொல்லையில் தகரம் சாய்த்து, அதனடியில் மூன்று கல்லைக் கூட்டிச் சமைக்கத் தொடங்கினாள். புகை மலைக்குப் போயிற்று. மழைச்சாரல் குழம்புக்குள் போயிற்று.

காத்திருந்த காலத்தில் சங்கம் சும்மா இருந்துவிடவில்லை. வலைத்தளம் பச்சை நிறமா நீல நிறமா என்று இரண்டு கூட்டம் நடந்தது. தலைவரின் படம் மேலே வருவதா, நடுவில் வருவதா என்று ஒரு கூட்டம் நடந்து, இரண்டு இடத்திலும் என்று முடிவாயிற்று. வெளிநாட்டில் பகலாக இருக்கும்போது நமக்கு இரவாயிற்றே, யாராவது வந்து பார்த்துவிட்டு ஆளில்லை என்று திரும்பிப் போய்விட்டால் என்ன செய்வது என்று ஒருவர் கவலைப்பட்டார். காட்டெருமை வராமல் தோட்டம் காக்கப் போவதுபோல, வலைத்தளத்துக்கும் முறைபோட்டுக் காவல் இருப்பது என்று தீர்மானித்தார்கள். கம்பளி அவரவர் கொண்டுவர வேண்டும்.

குழந்தைவேல் தினமும் வெள்ளனே எழுந்து, குளித்து, கம்ப்யூட்டரின் போர்வையை விலக்கித் துடைத்து, மறுபடி போர்த்திவிடுவார். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அதை இயக்கிப் பார்க்க மட்டும் அவர் துணியவில்லை. வீட்டில் இருந்த ஒரே நல்ல கம்பளியும் அதன் மேல்தான் கிடந்தது. அடுப்பில்லாத வீடு மலைக்குளிரில் விறைத்தது. அழகம்மாள் இருமினாள்.

புரோகிராம் அடுத்த மாதம் வருவதாக இருந்தது. அந்த மாதம் வந்ததும், அது அதற்கடுத்த மாதம் வருவதாக இருந்தது. வெளியீடு தள்ளிப்போவது தரத்தின் அடையாளம் என்று ஜெயச்சந்திரன் போனில் சொன்னார். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்து போனது. பரணிலிருந்து ஒரு வாடை இறங்கியது. அழகம்மாள் ஏறிப் பார்த்தாள். பூண்டெல்லாம் பச்சையாக முளைத்திருந்தது. அடிக்கட்டுகள் கைபட்டதும் கொழகொழவென்று கழன்றன.

அவள் ஓர் எட்டில் தலைவர் வீட்டுக்கு ஓடினாள். இரண்டு கட்டாவது அவர்கள் பரணில் போட்டு விதைக்குக் காப்பாற்றலாம் என்ற நினைப்பு. திரும்பி வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அவுக பரணு காலியாக் கெடக்கு. மூலையில வெதைக்குன்னு கொஞ்சம் தொங்குது, அம்புட்டுத்தான். மத்ததெல்லாம் போன மாசமே வடுகபட்டி போயிருச்சாம். வேற யாரும் விக்காததால நல்ல வெலையாம்."

குழந்தைவேல் அப்படியே தலைவர் வீட்டுக்கு நடந்தார். போய்க் கேட்டார். தலைவர் கொஞ்சமும் பதறவில்லை. அது விற்பனையே அல்ல, 'சந்தை ஆய்வு' என்றார். எதிரியின் பலத்தை அறியாமல் உலகச் சந்தைக்குள் நுழைய முடியுமா என்று திருப்பிக் கேட்டார். மற்ற உறுப்பினர்களும் ஆளுக்கொரு மூட்டையாக ஆய்வு செய்து முடித்திருந்தார்கள் என்பது பேச்சுவாக்கில் தெரிந்தது. ஊரிலேயே தீர்மானத்தைக் கடைப்பிடித்த ஒரே ஆள் என்று குழந்தைவேலைத் தலைவர் தட்டிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்த குழந்தைவேல், அழுகிய பூண்டைத் தானே கூடையில் அள்ளிக்கொண்டுபோய் ஓடையோரம் கொட்டினார். திரும்பி வந்து அழகம்மாள் முகத்தைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

தை பிறந்து, 'மனை மந்திரம்' உண்மையிலேயே வந்தது. விளம்பரத்தில் சொன்னது அத்தனையும் சத்தியம். பெயரைத் தட்டச் சொன்னது, தட்டினார்கள். படம் கேட்டது, தலைவரின் படத்தைக் கொடுத்தார்கள். நிறம் கேட்டது, சண்டை போட்டுவிட்டு நீலம் என்றார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. 'போளூர்ப் பூண்டு, உலகத்துக்கு நேரடியாக' என்ற எழுத்து திரையில் மின்னியது. கீழே, 'ஆர்டர் செய்ய இங்கே அழுத்தவும்' என்று ஒரு பொத்தான். முறைக்காவலர்கள் கம்பளியோடு வந்து உட்கார்ந்து திரையைப் பார்த்தார்கள். உலகம் வரவில்லை.

விதைப்புக் காலம்தான் வந்தது. குழந்தைவேலிடம் ஒரு பல் பூண்டுகூட இல்லை. மனதைக் கல்லாக்கிக்கொண்டு தலைவரிடம் போய் விதைப்பூண்டு கேட்டார். தலைவர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"கைக்குக் கை கொடுத்தா தீர்மானத்த மீறுனதால்ல ஆயிரும் குழந்தைவேலு. வெப்சைட்டு வழியா வாங்கிக்கயேன். கம்ப்யூட்டரு உங்க வீட்டுலதான கெடக்கு."

இரண்டு வீடு தள்ளியிருந்த பரணிலிருந்து விதை வாங்க, குழந்தைவேல் தன் வீட்டுக்கு வந்து, போர்வையை விலக்கி, ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிப் பொத்தானை அழுத்தினார். பக்கத்தில் நின்ற அழகம்மாள் கொல்லைக்குப் போய் அடுப்பை ஊதத் தொடங்கினாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

'முதல் ஆர்டர்' வந்த செய்தி மேல்மலை முழுக்கப் பரவியது. சங்கம் அவசரக் கூட்டம் கூட்டி லட்டு கொடுத்தது. எளியவனும் உலகச் சந்தையில் பங்குபெறும் காலம் பிறந்துவிட்டது என்று தலைவர் அரைமணி நேரம் பேசினார். முதல் வாடிக்கையாளருக்குத் துண்டு போர்த்தினார். டவுனிலிருந்து வந்திருந்த ஜெயச்சந்திரன் எழுந்து, இதைவிட ஈஸியான இரண்டாம் வெர்ஷன் அடுத்த மாதமே வருகிறது, அதுவரை சிஸ்டத்தை ஸ்மோக் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அமர்ந்தார். பலத்த கைதட்டல்.

கைதட்டல் அடங்கியதும் குழந்தைவேல் எழுந்தார். கூட்டத்தில் அவர் வாய் திறந்தது அதுவே முதல் தடவை.

"நான் காத்தது போதும்ணே. எங்க வீட்டுல இன்னைக்கு அடுப்பு பத்த வச்சாச்சு. இந்தத் தடவ கம்ப்யூட்டரு உங்க வீட்டுல இருக்கட்டும்."

தலைவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"ஏலே, எங்க வீட்டுல எப்பிடிலே வைக்கிறது? பரண்ல வெதைப்பூண்டுல்ல கெடக்கு. அடுப்ப அணைச்சா அழுகிப்போகாதா?"

சங்கத்தின் வரலாற்றில் தலைவர் உண்மை பேசிய ஒரே கூட்டம் அதுதான். அவரே அதைக் கூட்ட மினிட் புத்தகத்தில் ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.