கொமிசனர் கேட்ட கேள்வி

நாட்டின் தலைவரைப் பற்றி யோசித்தவர்கள் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். வாக்காளரைப் பற்றி யோசித்தவர் ஒரேயொருவர்தான். குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையே ஓடிய லோஞ்ச் என்ற மோட்டார்ப் படகில் கயிறு எறிந்து, ஆட்களை ஏற்றி இறக்குவது அவருடைய வேலை. அவரை நாங்கள் 'கொமிசனர்' என்று கூப்பிட்டோம். உண்மையான தேர்தல் ஆணையாளருக்குக்கூட அந்த வருடம் அவ்வளவு வேலை இருந்திருக்காது.

ஜனாதிபதியை மக்களே நேராகத் தெரிந்தெடுக்கும் முதல் தேர்தல் வந்திருந்தது. நான் அப்போது நெடுந்தீவில் ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். தினமும் அந்த லோஞ்சில்தான் போய்வருவேன்.

"இவ்வளவு காலமும் எங்களுக்குத் தெரிஞ்ச மனுசனுக்குப் போட்டம். இப்ப கண்ணால காணாத ஒருத்தருக்குப் போடவேணும். என்னத்தைப் பாத்துப் போடுறது, தம்பி?" என்று ஒரு காலை என்னிடம் கேட்டார்.

"நேர்மையைத்தான், அண்ணை."

"எல்லாரும் அதைத்தான் சொல்லுகினம். அதை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? உம்மட கந்தோரில நேர்மையான ஆள் ஆர், சொல்லும் பாப்பம்."

நான் கடலைப் பார்த்தேன். அவர் ஒரு பழைய கொப்பியில் 'நேர்மை, ஆனால் ஆளைக் காட்ட ஏலாது' என்று எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு லோஞ்சில் ஏறிய ஒருவரும் தப்பவில்லை. தபால் எதிர்பார்த்துக் களைத்துப்போயிருந்த ஒரு பென்சன்காரர், "கடிதத்துக்கு மறுமொழி போடுறவனாயிருக்க வேணும்" என்றார். ஒரு கன்னியாஸ்திரி பயமில்லாத ஆள் வேண்டும் என்றார். ஒரு பெண், "குடிக்காதவன்" என்று சொல்ல, பக்கத்தில் இருந்த புருசன் நெடுந்தீவு வரும்வரை வாய் திறக்கவில்லை. கொமிசனர் அதையும் எழுதினார்: 'மனைவி: குடிக்காதவன். புருசன்: வாக்களிக்க மறுப்பு.'

ஒருநாள் வெள்ளை வேட்டியும் ஒலிபெருக்கியுமாக ஒரு பிரசாரகர் ஏறினார். கொமிசனருக்குப் பெருநாள் வந்ததுபோல இருந்தது.

"ஐயா, உங்கட ஆள் பிழை விட்டால் ஒத்துக்கொள்ளுவாரோ?"

"எங்கட தலைவர் பிழையே விடமாட்டார்."

"அப்ப எனக்கு வேண்டாம். பிழையே விடாத ஓட்டியின்ர வள்ளத்தில நான் ஏறமாட்டன். பாறை எங்க இருக்கெண்டு அவருக்குத் தெரிஞ்சிருக்காது."

லோஞ்ச் முழுக்கச் சிரித்தது. பிரசாரகர் இறங்கியதும் நேரே லோஞ்ச் முதலாளியிடம் போனார். இனி ஒரு கேள்வி கேட்டால் வேலை போய்விடும் என்று முதலாளி சொல்லிவிட்டார். கொமிசனருக்கு நாலு பிள்ளைகள். கொப்பியை இடுப்பில் செருகிக்கொண்டு வாயை மூடினார்.

லோஞ்ச் என்ஜின் சத்தம் அவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. மூன்றாம் நாள் அந்தப் பென்சன்காரர் தானாக எழும்பிப் போய் அவர் பக்கத்தில் நின்றார். "நான் யோசிச்சுப் பாத்தனான். மறுமொழி போட்டால் மட்டும் காணாது. முதல்ல கடிதத்தை வாசிக்கவும் வேணும். எழுதும்." அவருக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர் நின்றார்கள். கேட்கத்தான் தடை, எழுதத் தடையில்லை.

தேர்தல் நாளன்று எனக்குச் சுருவிலில் வாக்குச்சாவடி வேலை. அது கொமிசனரின் ஊர்; அவருடைய வாக்கும் அங்கேதான். மத்தியானம் வந்தார். வாக்குச்சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போனார். போனவர் வெளியே வரவில்லை. வரிசை வாசலைத் தாண்டி வீதிக்குப் போய்விட்டது. தலைமை அலுவலர் என்னைப் பார்த்தார். நான் மறைப்புக்கு இந்தப் பக்கம் நின்று மெதுவாகக் கேட்டேன்.

"அண்ணை, என்ன செய்யிறியள்?"

"யோசிக்கிறன்."

"ரெண்டு மாசமா அதைத்தானே செய்தனீங்கள்?"

"ரெண்டு மாசமா மற்றாக்களிட்டக் கேட்டனான். இப்பதான் யோசிக்கிறன்."

வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். மீன்கூடையோடு நின்ற ஒரு பெண் அவர்களை அடக்கினாள். "விடுங்கோ. எங்களிட்டக் கேட்டதையெல்லாம் அந்த மனுசன் வச்சுக் கூட்டிக் கழிக்குது. நேரமெடுக்கும்தானே."

ஒருவழியாக வெளியே வந்தார். முகம் வியர்த்திருந்தது. சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு யாரையும் பார்க்காமல் போய்விட்டார்.

அடுத்த நாள் லோஞ்சில் நான் விடவில்லை. "ஆருக்குப் போட்டியள் எண்டு கேக்கேல்லை. என்னத்தைப் பாத்தியள்? அதை மட்டும் சொல்லுங்கோ."

அவர் திடுக்கிட்டுப்போனார். அவ்வளவு பேரிடம் கேட்ட மனிதரிடம் ஒருவரும் அதைத் திருப்பிக் கேட்டிருக்கவில்லை. கயிற்றைச் சுருட்டிப் போட்டுவிட்டுச் சொன்னார்.

"ஏறின ஆக்களும் இறங்கின ஆக்களும் சரியோ எண்டு எண்ணிப் பாக்கிறவனோ எண்டு பாத்தனான், தம்பி. ஒருத்தர் குறைஞ்சாலும் திரும்பித் தேடிப் போறவன். ஆனால் போஸ்டர்ப் படத்தில பாத்து அதை அறிய ஏலாமல் கிடக்கு."

சொல்லிவிட்டு வழக்கம்போல விரலை நீட்டி, உதடு அசைய, முன் வாங்கிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தார். என்னில் வந்து முப்பத்தொன்று என்று நிறுத்தினார். அந்த எண்ணிக்கையில் நானும் இருந்தேன் என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.