நல்லி எலும்பும் நடைப்பயணமும்

மாமியார் கையால் ஒரு பருக்கை சோறு தின்ன மாட்டேன் என்று போன கிறிஸ்துமஸ் அன்று சபதம் செய்தேன். காரணம், கொள்கை. பந்தியில் நல்லி எலும்பைச் சகலை அருள்நாதனுக்குப் போட்டுவிட்டு, எனக்குக் கழுத்து எலும்பைப் போட்டார்கள். நான் மூத்த மாப்பிள்ளை. கம்பெனியில் என் கீழே ஒரு லைனே ஓடுகிறது.

அதிலிருந்து மாமியார் ஊரான மண்ணூர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கம்பெனியில் ஓவர்டைம், ஓ.டி. என்று கிளம்பிப் போய், ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஓ.டி. பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை என் மனைவி ஜோஸ்லின் ஆரம்பித்தாள்.

“இந்த ஞாயித்துக்கிழம அம்மா வூட்டுக்குப் போறோம்.”

“ஓ.டி. கீது.”

“லைனை மூடி சர்வீஸ் பண்றாங்களாமே? இசக்கிபாண்டி சொன்னாரு.”

இசக்கிபாண்டி என் லைனில் இருக்கிறவன். வேலையைத் தவிர எல்லாம் செய்வான்.

“அது வந்து... உன்னை எங்கனா கூட்டிக்கினு போலாம்னு இருந்தேன். காலாற நடந்து.”

“நீங்களா? கம்பெனி பஸ்ல ஏறுறதுக்கே மூச்சு வாங்குது. கூவம் கரையோரமா அந்தோணியார் மடத்துக்குக் கொழந்தைங்கல்லாம் நடக்குது. உங்களால ஆவாது.”

“யாரால ஆவாது? அதே கரை, அதே மடம். ஞாயித்துக்கிழம நடக்குறோம்!”

அவள் முகம் வாடியது. எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. மடம் ஒரு திசை, மண்ணூர் ஒரு திசை.

ஞாயிறு காலை நடந்தோம். கூவம் பட்டணம் போய்க் கெட்டுப்போவது அப்புறம். எங்கள் பக்கம் நல்ல பிள்ளை. நாணல், கொக்கு, மேடு பள்ளம் இல்லாத கரை. ஜோஸ்லின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான புதிதில் பிடித்தது. சந்தோஷமாகத்தான் இருந்தேன், மறைப்பானேன்.

யாத்திரைக்காரர்கள் காலங்காலமாய்த் தங்கிப்போகும் அந்த மடத்தில் அன்று அசனம். நேர்ந்துகொண்டவர்கள் வருகிறவர்களுக்கெல்லாம் தங்கள் கையால் சோறு போடுவது. தூத்துக்குடிப் பையன்கள் இங்கே வேலைக்கு வந்தபோது கூடவே வந்த வழக்கம். உட்கார்ந்தால் பாதியில் எழக் கூடாது. போட்டதை வேண்டாம் என்று சொல்லக் கூடாது.

நடந்த பசி. முதல் ஆளாக உட்கார்ந்தேன். சோறு விழுந்தது. குழம்பு வாளி வந்தது. நிமிர்ந்து பார்த்தால், வாளியோடு மாமியார்.

எழப் பார்த்தேன். ஜோஸ்லின் தோளை அழுத்தினாள்.

“அந்தோணியார் சாப்பாடுங்க. எழுந்துக்கக் கூடாது.”

“உங்கம்மா இங்க இன்னா பண்றாங்க?”

“அவங்க அசனம்தான்.”

மாமியாருக்குக் கண் கலங்கியிருந்தது. வாளியைத் துழாவித் துழாவி, நல்லி எலும்பாய்த் தேடி என் இலையில் வைத்தார்கள்.

“சாப்டுங்க மாப்ள. மூத்த மாப்ள கோவம் தீர்ந்து என் கையால சாப்டணும்னுதான் நேந்துக்கினேன்.”

சாப்பிட்டேன். எலும்பைத் தட்டி உறிஞ்சினேன். கொள்கையில் இந்த ருசி கிடையாது.

கை கழுவுகிற இடத்தில் மடத்து ஃபாதர் நின்றிருந்தார். கௌரவத்தைக் கொஞ்சமாவது மீட்கலாம் என்று சொன்னேன்: “நாங்க தற்செயலாத்தான் வந்தோம் ஃபாதர். இன்னிக்கு நடக்கணும்னு என் யோசனை.”

“தெரியும்பா. ஈஸ்டர் முடிஞ்ச கையோட உன் சம்சாரம் வந்து அசனத்துக்கு நாள் வாங்கிச்சு. வீட்டுக்காரரை எப்படிம்மா கூட்டிக்கிட்டு வருவேன்னு கேட்டேன். ‘நான் எதுக்கு ஃபாதர்? அவரே என்னைக் கூட்டிக்கினு வருவாரு’ன்னுச்சு.”