தாய்மாமன் முகத்துக்கு நேரே ஒரு தாழ்ப்பாள்

தென்காசி

நாட்டு எல்லையைக் காத்துவரும் மாப்பிள்ளை விஜயசங்கர் அவர்களுக்கு, உங்கள் மச்சான் மகாராஜா மிக்க மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கு என் தங்கச்சி சுகம், உங்கள் மகள் முத்துவடிவு சுகம், குற்றாலத்துச் சாரலும் சுகம். என் மானம் மட்டும் சுகமில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே டவர் இல்லைன்னு வச்சிருவீங்க, ஆகையால் எழுத்து மூலம்.

பிறந்ததிலிருந்து மூளை வாதத்தால் மடங்கியே இருக்கிற பிள்ளையோட வலது கைக்காக இங்கன ஆஸ்பத்திரியில நடக்கிற ஒரு ஆராய்ச்சிச் சிகிச்சையில் சேர்த்தோமில்லையா? பின்கழுத்துல, தண்டுவடத்துக்கு நேரா, பிளாஸ்திரி மாதிரி ஒண்ணை ஒட்டி லேசா கரண்ட் விடுதாங்க. அது ஓடும்போதே பிள்ளை அந்தக் கையால டப்பா திறக்கணும், பாசிமணி பொறுக்கணும். கரண்டைப் பத்தி எனக்கே பாடமா? கடையத்துல இருந்து செங்கோட்டை வரைக்கும் எவன் மோட்டார் நின்னாலும் என்னைத்தானே கூப்பிடுதான்! மிஷினை ஒரு பார்வை பார்த்து, "சரி, ஓடட்டும்"னு நான்தான் அனுமதி கொடுத்தேன்.

வினை அங்கனதான் ஆரம்பிச்சுது. மூடியைத் திறக்க முடியாம பிள்ளைக்கு உதடு துடிக்குது. காது குத்தும்போது மடியில வச்சிருந்த மாமன் பார்த்துக்கிட்டு இருப்பானா? நானே திறந்தேன். பாசியையும் நானே பொறுக்கினேன், பட்டனையும் நானே மாட்டினேன். பயிற்சி கொடுக்கிற ஷாரோன்னு ஒரு பொண்ணு, "அண்ணாச்சி, உங்க கை நல்லாத் தேறிட்டு. வடிவு கைக்கு எப்ப விடுவீங்க?"ன்னு கேக்கா. என் தங்கச்சிதான் முதல் ஆளா சிரிக்கா!

இன்னைக்கு அதுக்கும் மேல. "கொஞ்சம் வெளிய இருங்க அண்ணாச்சி"ன்னுட்டா. வெளிய வந்தவன், பிள்ளை தண்ணி கேட்ட மாதிரி இருக்கேன்னு திரும்பினா, கதவைச் சாத்தி உள்பக்கம் தாழ்ப்பாள்! அதுவும் டக்குன்னு இல்லை மாப்பிள்ளை. இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்து, கரகரன்னு வேணும்னே போடுதா. தாய்மாமன் முகத்துக்கு நேரா!

அந்தக் கதவுக்கு வெளிய பெஞ்சுல இருந்துதான் இதை எழுதுதேன். சிகிச்சையை நிறுத்தச் சொல்லி டாக்டருக்கு உடனே ஒரு வரி போடுங்க. நாளைக்கே பிள்ளையை ஐந்தருவிக்குக் கூட்டிட்டுப் போறேன். விழுற தண்ணிக்கு முதுகைக் காட்டினா நரம்பு முழிக்காதா? அங்கன கரண்டும் கிடையாது, கதவும் கிடையாது, ஷாரோனும் கிடையாது.

எல்லைச் சாமி உங்களுக்கும் உங்க துப்பாக்கிக்கும் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
வெளியே தள்ளப்பட்ட மச்சான்
மகாராஜா

பின்குறிப்பு: இப்பதான் தங்கச்சி கதவைத் திறந்தா. உள்ள போய் ஷாரோனைப் பிடிபிடின்னு பிடிச்சேன். "நான் எங்க அண்ணாச்சி போட்டேன்?"ங்கா. போட்டது உங்க மக. வலது கையால! "மாமா, நீ வந்தா எல்லாத்தையும் நீயே செஞ்சிருதே, வெளிய போ"ங்கா. எனக்கு நம்பிக்கை வரலை. வெளிய வந்து நின்னு, "எங்க, இன்னொருக்கப் போடு பார்ப்போம்"னேன். போட்டுட்டா மாப்பிள்ளை! டாக்டருக்கு ஒண்ணும் எழுதிராதீங்க. நான் வெளியவே இருந்துக்கிடுதேன்.